பாட்டிலில் கோடு போட்டுக் கேட்ட கேள்வி

"யாரும்மா பூட்டினது?" என்று நடுவர் கேட்டார்.

விழுப்புரத்தில் ஒரு பள்ளியின் கூட்ட அறை. மேலே மின்விசிறிகள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. எங்கள் மாணவி தனலட்சுமி கையில் ஸ்கேலோடு சார்ட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். அதுவரை கேட்டதற்கெல்லாம் டக்டக்கென்று பதில் சொன்னவள், இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவளோடு சேர்ந்து கட்டுரை எழுதிய நஸ்ரின் தரையைப் பார்த்தாள். நான் மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதில் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அதைச் சொல்வதற்கு முன்னால், அந்த இடத்துக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

நாற்பது பக்கம்

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு அரசு பெண்கள் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. குடியிருப்பு விழுப்புரத்தில். காலையும் மாலையும் பஸ்ஸில் நான் பட்ட பாட்டை முன்பே இந்தத் தொடரில் எழுதியிருக்கிறேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி, ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்ட அந்த அம்மா யார் என்று கேட்டவைதான்.

வருடா வருடம் மாவட்ட அளவில் ஒரு போட்டி நடக்கும். பிளஸ் ஒன் மாணவிகள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு சின்ன ஆய்வுக் கட்டுரை எழுதி, விழுப்புரத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் பேச வேண்டும். எங்கள் பள்ளியில் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது. முதல் வருடம் 'புவி வெப்பமயமாதல்' என்று ஒரு கட்டுரை. நாற்பது பக்கம், கலர் பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங். அட்டையில் உருகும் பனிக்கட்டி மேல் ஒரு கரடி. எனக்கு அந்தக் கரடியின் மேல் தனி மோகம் இருந்தது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

நடுவர் நாலு பக்கம் புரட்டினார். "எல்லாம் சரி. இதில் உங்கள் கேள்வி என்ன?" என்றார்.

மாணவி என்னைப் பார்த்தாள். நான் கரடியைப் பார்த்தேன்.

கலந்துகொண்டதற்கான சான்றிதழோடு திரும்பினோம். பஸ்ஸில் வரும்போது அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "மிஸ், அவரு நம்மளக் கேள்வி கேட்டாரா, இல்ல நம்ம கேள்வியக் கேட்டாரா?"

சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது சிரிப்பு நின்றுவிட்டது. எத்தனையோ வருடமாகப் பிள்ளைகளிடம் பதில் வாங்கியிருக்கிறேன். 'நீ ஒரு கேள்வியைக் கொண்டு வா' என்று ஒருத்தியிடமும் சொன்னதில்லை.

விழுப்புரத்தை அடுத்த காணைக்குப் பக்கத்தில் கரும்பு போடும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் கேள்வி என்றால் அது எதிர்க்கேள்விதான். பெரியவர்கள் பேசும்போது ஏன் என்று கேட்டால், 'வாய் நீளுது' என்பார் அப்பா. அப்படி வளர்ந்தவள் ஆசிரியை ஆனால் வகுப்பு எப்படி இருக்கும்? ரொம்ப அமைதியாக இருக்கும். அந்த அமைதிக்காக என்னைப் பலமுறை பாராட்டியிருக்கிறார்கள்.

மூன்று கேள்விகள் கிழிபட்டன

அடுத்த வருடம் தனலட்சுமியும் நஸ்ரினும் வந்தார்கள்.

தனலட்சுமிக்கு மயிலம் பக்கம் ஒரு கிராமம். அம்மா மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கவும் களை எடுக்கவும் கூலிக்குப் போகிறவர். அளந்து பேசுகிற பெண். நஸ்ரினுக்குச் சொந்த ஊர் கோட்டக்குப்பம். அப்பா வளைகுடாவில் இருந்தார். திண்டிவனத்தில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தாள். அவளுக்கு அளவெல்லாம் கிடையாது.

தண்ணீரைப் பற்றி ஏதாவது எழுதுங்கள், ஆனால் கேள்வியோடு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

முதலில் 'தண்ணீர் ஏன் முக்கியம்?' என்று எழுதி வந்தார்கள். இதற்கு யுகேஜி பிள்ளையே பதில் சொல்லுமே என்றேன். தாளைக் கிழித்தார்கள்.

அடுத்தது 'திண்டிவனத்தில் தண்ணீர்ப் பற்றாக்குறை ஏன்?' இது பெரிய ஆட்கள் கேட்கிற கேள்வி மாதிரி இருந்ததால் எனக்குப் பிடித்துவிட்டது. தனலட்சுமிதான் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இருப்பது நாலு வாரம், கையில் இருப்பது இலவச பஸ் பாஸ். இதை வைத்துக்கொண்டு ஊர் முழுவதும் எத்தனை போர்வெல்லை எட்டிப் பார்ப்பது என்றாள். அதுவும் கிழிந்தது.

மூன்றாவது கேள்வி எங்களைத் தேடி வந்தது. ஒருநாள் கடைசிப் பாடவேளையில் தனலட்சுமி பெஞ்சில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தலைவலி என்றாள். பக்கத்தில் அவள் தண்ணீர் பாட்டில், காலையில் வீட்டில் பிடித்து வந்தபடியே கழுத்து வரை நிறைந்திருந்தது. குடிக்காமல் இருந்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும் என்று கடிந்துகொண்டேன்.

அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள். "குடிச்சா போவணும் மிஸ்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாத அளவுக்கு அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் இருவரும் ஒரு தாளோடு வந்தார்கள். 'கழிப்பறை சரியில்லாததால்தான் மாணவிகள் தண்ணீர் குடிப்பதில்லையா?' என்று தனலட்சுமி எழுதியிருந்தாள். நன்றாக இருக்கிறது என்றேன். நஸ்ரின் ஒத்துக்கொள்ளவில்லை.

"கேள்வியிலயே பதிலச் சொல்லிட்டோமே மிஸ். அப்புறம் இன்னாத்துக்குப் போய்க் கேக்கறது? ஆமான்னு சொல்ல வெக்கறதுக்கா?"

வேறு காரணமும் இருக்கலாமே என்று அவள் வாதாடினாள். குழாய்த் தண்ணீர் உப்புக் கரிப்பதால் இருக்கலாம், பஸ்ஸில் ஒரு மணி நேரம் போக வேண்டியிருப்பதால் இருக்கலாம், பாட்டில் வாங்க வசதி இல்லாமலும் இருக்கலாம். நமக்குத் தெரியாததைத்தானே கேட்க வேண்டும் என்றாள். அதையும் கிழித்துவிட்டு மூன்று நாள் உட்கார்ந்து சண்டை போட்டார்கள். கடைசியில் நின்ற கேள்வி இதுதான்:

'எங்கள் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு மாணவிகள் பள்ளி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள்? அதற்கு மேல் குடிக்காமல் அவர்களைத் தடுப்பது எது?'

இதில் கரடி வரைய இடமே இல்லை. ஆனால் நாலு வாரத்தில், ஒரு ஸ்கெட்ச் பேனாவை வைத்துக்கொண்டு, இரண்டு பெண்களால் பதில் கண்டுபிடிக்க முடியும். என்ன பதில் வரும் என்று எங்கள் யாருக்கும் தெரியவும் தெரியாது.

பிஸ்கட் டப்பா

காலை மணி அடித்ததும் ஒவ்வொரு பாட்டிலிலும் தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு கோடு போடுவார்கள். நடுவில் நிரப்பினால் இன்னொரு கோடு. மாலையில் மறுபடி ஒன்று. பாட்டில் இல்லாதவர்கள் குழாயடியில் எத்தனை டம்ளர் குடித்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்கள். முதல் நாள் இது விளையாட்டாக இருந்தது. ஒரு வாரம் போனதும் பார்க்கவே சங்கடமாக இருந்தது. பெரும்பாலான பாட்டில்களில் காலைக் கோடும் மாலைக் கோடும் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

இரண்டாம் பாதிக் கேள்விக்கு, பேர் எழுதாத துண்டுச்சீட்டு. போட ஒரு பழைய பிஸ்கட் டப்பா. வாயைத் திறந்து கேட்டால் ஒருத்தியும் சொல்ல மாட்டாள் என்று டப்பா யோசனையைச் சொன்னது தனலட்சுமி.

இங்கே என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காணையிலிருந்து பள்ளிக்குப் போன காலத்தில் காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால், மாலை ஐந்து மணிக்கு வீடு திரும்பித்தான் எல்லாம். அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். உடம்புச் சூடு என்று அம்மா மோரில் வெந்தயம் போட்டுக் கொடுப்பார். வேலைக்கு வந்த பிறகு விழுப்புரத்தில் ஒரு டாக்டரம்மா என்னைப் பரிசோதித்துவிட்டு, 'எத்தனை வருஷமா இப்படி அடக்கிக்கினு இருக்கீங்க?' என்று கேட்டார். அடக்கிக்கொள்வதை நான் ஒரு நல்ல பழக்கம் என்றே நினைத்து வளர்ந்திருந்தேன். அதனால் டப்பாவில் என்ன இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும் என்று நம்பினேன்.

நான் நினைத்துப் பார்க்காத ஒன்றும் அதில் இருந்தது.

தண்ணீர் உப்பு என்று கொஞ்சம் பேர். பஸ் பயணம் என்று கொஞ்சம் பேர். கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, இடைவேளை முழுக்க வரிசையில் நின்றாலும் முறை வராது என்று நிறையப் பேர். ஆனால் சீட்டுக்குச் சீட்டு ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. 'லேப் பின்னாடி இருக்கிற புதுசு பூட்டியே கிடக்குது.'

ஆய்வகத்துக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய கழிப்பறை வரிசை அது. வெள்ளை டைல்ஸ், கதவுக்குக் கதவு தாழ்ப்பாள், கை கழுவ நீளமான தொட்டி. கட்டி முடித்த அன்று தலைமையாசிரியை சாவியை என்னிடம் கொடுத்தார். அதிகாரிகள் வந்து பார்க்கும்போது பளிச்சென்று இருக்க வேண்டும், உங்களிடம் இருந்தால்தான் ஒழுங்காக இருக்கும் என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. நானும் இரண்டு மூன்று ஆசிரியைகளும் மட்டும் அதைப் பயன்படுத்துவோம். முடிந்ததும் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்வேன்.

மற்ற கழிப்பறைகளின் வாசலில் வரிசை நிற்பதைத் தினமும் பார்த்துக்கொண்டேதான் அந்தச் சாவியைத் திருப்பினேன்.

தவிர்க்க முடியாத காரணங்கள்

கட்டுரையின் முதல் வரைவு வந்தது. எல்லாம் தெளிவாக இருந்தது, ஒரு வரியைத் தவிர. 'புதிய கழிப்பறை சில தவிர்க்க முடியாத காரணங்களால் பூட்டப்பட்டுள்ளது.'

நோட்டீஸ் போர்டில் நாங்கள் எழுதுகிற பாஷை அது. எங்களிடம்தான் கற்றிருக்கிறார்கள்.

என்ன காரணம் என்று கேட்டேன். தனலட்சுமி நகத்தைப் பார்த்தாள். நஸ்ரின் மட்டும் சொன்னாள். "நீங்களே சொல்லுங்க மிஸ். அப்படியே எழுதிக்கிறோம்."

மரியாதையாகத்தான் கேட்டாள். அதனால்தான் என்னால் தப்பிக்க முடியவில்லை. தலைமையாசிரியையைப் பார்க்கப் போனேன்.

அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. பெயர் கெடாமல் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்தார். கட்டுரையைப் படித்ததும் முகம் இறுகிவிட்டது.

"கலா, உங்களப் பேப்பர் எழுத வைக்கச் சொன்னா, பெட்டிஷன் எழுதி எடுத்துக்கினு வந்து நிக்கிறீங்க. தலைப்ப மாத்துங்க."

மாற்ற முடியாது மேடம், இது அவர்கள் கேள்வி என்றேன். திறந்துவிட்டால் யார் கழுவுவது, இருப்பது ஒரே ஒரு ஆயாம்மா, பிள்ளைகளைக் கழுவ விட்டால் அது இன்னும் பெரிய பாவம் இல்லையா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வியும் நியாயமானதுதான். பிஸ்கட் டப்பாவை அவர் மேசையில் வைத்துவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன்.

மாலையில் கூப்பிட்டு அனுப்பினார். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கி வைத்திருந்தார். ஒன்றை மட்டும் தனியாக எடுத்து என் பக்கம் தள்ளினார். நானும் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். 'மாசத்துல மூணு நாள் லீவு போட்டுடுவேன். மத்தபடி எனக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லை.'

"இது ஒம்பதாவதா, பதினொண்ணாவதா?" என்று கேட்டார். தெரியாது மேடம், பேர் எழுதவில்லை என்றேன். பிறகு ஒரு வாரம் மட்டும் திறக்கலாம், ஆயாம்மாவுக்கு அந்த ஒரு வாரம் வேறு வேலை தர வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நஸ்ரினிடம் சொன்னபோது அவள் துள்ளிவிட்டாள். அவளுக்குக் கழிப்பறை திறப்பதைவிட, மறுபடி கோடு போட்டுப் பார்க்கக் கிடைத்த வாய்ப்புத்தான் பெரிதாக இருந்தது.

அந்த ஒரு வாரம் காலைக் கோடும் மாலைக் கோடும் பிரிந்தன. சிலருக்கு இரண்டு விரல், சிலருக்கு நாலு விரல். பாட்டிலை இரண்டாம் முறை நிரப்பியவர்களும் இருந்தார்கள். தனலட்சுமி தன் பாட்டிலின் கோடுகளை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, யாரோ தனக்குப் பரிசு கொடுத்த மாதிரி எங்களைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை நான் மறுபடி பூட்டினேன். ஒரு வாரம் என்றுதான் அனுமதி.

விழுப்புரம்

அந்தக் கூட்ட அறையில் எங்களுக்கு முன்னால் பேசியவர்கள் விண்வெளி, பிளாஸ்டிக், செயற்கை நுண்ணறிவு என்று பெரிய பெரிய தலைப்புகளில் பேசினார்கள். நாங்கள் பன்னிரண்டு பக்கம். பைண்டிங்கூட இல்லை, நூல் போட்டுக் கட்டியிருந்தோம்.

தனலட்சுமி கேள்வியை வாசித்தபோது பின் வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள். கழிப்பறை என்ற சொல் வந்ததும் ஒரு சிரிப்பு. அவள் நிறுத்தினாள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். அதே வரியை இன்னொரு முறை, இன்னும் சத்தமாக வாசித்தாள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நடுவர் போன வருடம் வந்த அதே மனிதர். கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சார்ட்டைப் பக்கத்தில் வந்து பார்த்தார். பேர் எழுதாத சீட்டு எதற்கு, பாட்டில் இல்லாதவர்களை எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள், அந்த ஒரு வாரம் வெயில் அதிகமாக இருந்ததால் குடித்திருக்கலாமே என்று மடக்கினார். பூட்டியிருந்த வாரமும் திறந்திருந்த வாரமும் காலையில் ஆய்வகத்து வெப்பமானியைப் பார்த்துக் குறித்து வைத்திருந்தாள் நஸ்ரின். நோட்டைத் திறந்து காட்டினாள். அது எனக்கே தெரியாது.

"இப்ப அந்தக் கழிப்பறை திறந்திருக்கா?" என்றார்.

"பூட்டியிருக்கு சார்" என்றாள் தனலட்சுமி.

"யாரும்மா பூட்டினது?"

இந்தக் கதையை நான் ஆரம்பித்தது இங்கேதான். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அவள் கழுத்தை எப்படி விறைப்பாக வைத்துக்கொண்டாள் என்பது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பதினாறு வயதுப் பெண் என்னைக் காப்பாற்ற நிற்கிறாள். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

எழுந்தேன். "நான்தான் சார் பூட்டினேன். நான் இவங்க டீச்சர்." கைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினேன். இத்தனை நாளாகப் பூட்டி வைத்திருந்தது நான்தான், அதைக் கட்டுரையில் எழுதச் சொல்லாமல் விட்டதும் நான்தான் என்றேன்.

நடுவர் சாவியை ஒருமுறை பார்த்தார். தனலட்சுமியிடம் திரும்பி, "கட்டுரையில அந்த வரியத் திருத்திடறீங்களா?" என்று கேட்டார்.

அவள் பேனாவை எடுத்து 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே 'அதிகாரிகள் பார்வையிடும்போது சுத்தமாக இருப்பதற்காக, ஆசிரியர்களால்' என்று எழுதினாள்.

முதல் பரிசு எங்களுக்கு. அறிவித்தபோது நடுவர் சொன்னது இரண்டே வாக்கியம். மற்ற கட்டுரைகளில் நிறையப் பதில்கள் இருந்தன, இதில் ஒரு கேள்வி இருந்தது என்றார். நஸ்ரின் அழுதுகொண்டே சிரித்தாள். பஸ் நிலையத்தில் மூவரும் சூடாக பஜ்ஜி தின்றோம். திண்டிவனம் வரைக்கும் நஸ்ரின் பரிசுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஏறுகிறவர்களுக்கெல்லாம் கேட்காமலே கதை சொல்லிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் ரெண்டு ஸ்டாப்பிங் தாண்டியும் கேட்டுக்கொண்டு நின்றார்.

திங்கட்கிழமை

விஷயம் எங்களுக்கு முன்னால் பள்ளிக்குப் போயிருந்தது. தலைமையாசிரியை கூப்பிட்டபோது மெமோ வரும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அங்கே பள்ளி மேலாண்மைக் குழுவைச் சேர்ந்த அம்மாக்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தனலட்சுமியின் அம்மா அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். இன்னொரு துப்புரவுப் பணியாளரை அமர்த்த அவர்கள் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்தார்கள். தலைமையாசிரியை வார்த்தை வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். அவரே ஆய்வகத்துக்குப் பின்னால் நடந்தார், நாங்கள் பின்னாலேயே போனோம். பூட்டைத் திறந்தார். திறந்த பூட்டைத் தாழ்ப்பாளில் மாட்டவில்லை. சாவியோடு சேர்த்துக் கொண்டுபோய் ஆபீஸ் பீரோவில் போட்டுவிட்டார். "ரிடையர் ஆவறப்ப இதுக்காவது என்னய நெனச்சிப்பாங்க" என்று என் காதில் மட்டும் சொன்னார்.

முதல் இடைவேளையில் தொட்டிப் பக்கம் ஒரே இரைச்சல். ஒருத்தி மேல் ஒருத்தி தண்ணீர் அடித்து விளையாடினார்கள். சத்தம் போடாதீர்கள் என்று சொல்லப் போன நான், சொல்லாமல் திரும்பிவிட்டேன்.

அந்த வருடக் கடைசியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து நாலு பெண்கள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார்கள். பிளஸ் ஒன் வரும்வரை காத்திருக்க முடியாது, எங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். நோட்டுத் தாளில் பென்சிலால் எழுதியிருந்தார்கள்.

'எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் எப்போதும் உட்காருகிறவர்கள் யார்? அந்த இடத்தை முடிவு செய்வது யார்?'

நான் அந்த வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் யார் யார் உட்காருவார்கள் என்று எனக்கு ஒவ்வொரு முகமாகத் தெரியும். அவர்களை அங்கே உட்கார வைத்தவர்களில் நானும் ஒருத்தி.

தாளை இரண்டு முறை படித்தேன். அளவு சரியாக இருந்தது. பதிலை உள்ளே ஒளித்து வைக்கவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணினாலே கண்டுபிடித்துவிடலாம்.

"இதுல திருத்தறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன். "முதல்ல என்கிட்ட இருந்தே ஆரம்பிங்க."